மோட்டார்ஹோம் டாஷ்போர்டுத் திரையை மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஓடும் பெரிய டீசல் மோட்டார்ஹோம்களில் (உள்ளேயே வீடுபோல் வாழ வசதி செய்த வண்டிகள்), குறிப்பாக ஃப்ரெய்ட்லைனர், ஸ்பார்ட்டன் நிறுவனங்களின் சேசிஸ்களின் (அடிச்சட்டங்களின்) மேல் கட்டப்பட்ட பழைய வண்டிகள் பலவற்றில், ஓட்டுநருக்குத் தகவல் சொல்லும் சிறிய எல்சிடி திரை ஒன்று டாஷ்போர்டில் பதிக்கப்பட்டிருக்கும். பேட்டரி வோல்டேஜ், எண்ணெய் அழுத்தம், கியர்பாக்ஸ் வெப்பம், பழுதுச் செய்தி என எல்லாமே அந்தச் சிறிய இடத்துக்குள் மாறி மாறி வந்து போகும். வண்டி பல ஆண்டுகள் வெயிலில் நின்ற பிறகு எழுத்தும் பின்புலமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுவதால், நண்பகலில் அந்தத் திரை இருந்தும் இல்லாததுதான். அதற்குப் பதிலாகப் புதிய திரை ஒன்றைப் பொருத்த நினைப்பது மிகவும் நியாயமான விருப்பம்.

குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் மோட்டார்ஹோம்கள் ஆயிரக்கணக்கில் கூடும்போது, டாஷ்போர்டைப் பிரித்துப்போட்டுவிட்டு ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இந்த வேலையின் தொடக்கக் காலத்தில் நாங்கள் எதில் எல்லாம் இடறினோமோ, அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். ஃப்யூஸ் போட மறப்பது, பேட்டரியைத் துண்டிக்காமல் கைவைப்பது போன்றவை எல்லாக் கையேடுகளிலும் இருப்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கண்ணை மறந்து திரையை வாங்குவது

கடை விளம்பரத்தில் பளிச்சென்று தெரியும் திரை, உங்கள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எப்படித் தெரியும் என்பது வேறு கேள்வி. முதலில் அளவு நாடாவை எடுத்து, இயல்பாகச் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் திரை வரப்போகும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பஸ் போன்ற உருவம் கொண்ட ஏ வகைப் பெரிய வண்டிகளில் இது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் வரும். வாகனத் திரைகளின் எழுத்து அளவைப் பற்றிய ஐஎஸ்ஓ 15008 தரநிலை பரிந்துரைக்கும் கோணத்தின்படி, அந்தத் தூரத்தில் எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். முக்கியமான எண்களுக்கு அதைப் போல இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மோட்டார்ஹோம் ஓட்டுபவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். அவர்களுடைய வாசிப்புக் கண்ணாடி 40 சென்டிமீட்டர் தூரத்துக்குத் தெளிவானது, தூரப்பார்வைக் கண்ணாடி சாலைக்கானது. டாஷ்போர்டோ இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது.

அடுத்தது குளிர்கண்ணாடி. போலரைஸ்டு குளிர்கண்ணாடி அணிந்து பார்த்தால் சில எல்சிடி திரைகள் முழுக் கறுப்பாகிவிடும், ஏனென்றால் திரையிலும் ஒரு போலரைசர் படலம் இருக்கிறது, இரண்டும் குறுக்காக அமைந்தால் ஒளி வெளியே வராது. வழக்கமாக அணியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையை எந்த வாட்டத்தில் பொருத்தப்போகிறீர்களோ அதே வாட்டத்தில் பிடித்து, வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒளிர்வைப் பொறுத்தவரை, சாதாரண டேப்லெட்டுகள் 400 முதல் 500 நிட்ஸ் வரை தருகின்றன. மோட்டார்ஹோமின் அகன்ற முன்கண்ணாடி வழியே இறங்கும் வெயிலுக்கு அது போதாது. 1000 நிட்ஸுக்குக் குறையாத திரையைத் தேடுவது நல்லது.

மூன்றாவது ரெசிஸ்டர்

பிற தவறுகள் நேரத்தைத்தான் தின்னும். இந்த ஒன்று மட்டும் பல ஆயிரம் டாலரைத் தின்றுவிட்டு, யார் மீது பழி என்றுகூடத் தெரியாமல் செய்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை யாராவது செய்திருப்பதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனெனில் ஐந்து நிமிடமும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இருந்தால் முற்றிலும் தவிர்த்துவிடக்கூடிய தவறு இது.

இந்த வண்டிகளில் எஞ்சினின் கணினி, அலிசன் கியர்பாக்ஸின் கணினி, ஏபிஎஸ், டாஷ்போர்டு ஆகிய அனைத்தும் ஜே1939 என்ற வலைப்பின்னலில், முறுக்கிய இரண்டே ஒயர்களின் வழியாகப் பேசிக்கொள்கின்றன. எஞ்சின் பின்புறம் இருப்பதால் அந்த ஒயர் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும். அதன் இரு முனைகளிலும் தலா ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஒயரில் போகும் சமிக்ஞை முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த சமிக்ஞையைக் குழப்பாமல் இருக்க அந்த இரண்டும் தேவை. இரண்டு மட்டுமே தேவை. இணையாக அமைந்த இரண்டு 120 ஓம் சேர்ந்து 60 ஓம் ஆகும். ஆரோக்கியமான வலையில் மீட்டர் காட்ட வேண்டிய எண் அதுதான்.

புதிதாக வாங்கும் திரைகள், அடாப்டர்கள், கேபிள்கள் சிலவற்றின் உள்ளேயே இன்னொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். வண்டி இல்லாமல் மேசையில் வைத்துச் சோதிப்பவர்களுக்கு அது தேவைப்படுகிறது. சிலவற்றில் அதற்கெனச் சிறு சுவிட்ச் இருக்கும், அதுவும் ஆன் நிலையிலேயே வரக்கூடும். வேறு சிலவற்றில் கேபிளின் முனையில் பிளாஸ்டிக்குக்குள் வைத்து வார்த்திருப்பார்கள், வெளியே எந்தக் குறியும் இருக்காது. பழுதுபார்க்கும் கருவியைச் செருகுவதற்காக வண்டியில் உள்ள 9 பின் கனெக்டரில் இதைச் செருகியதும் வலையின் மின்தடை 60 ஓமிலிருந்து 40 ஓமாகக் குறைந்துவிடுகிறது.

வலை உடனே நின்றுபோனால் யாரும் ஏமாறமாட்டார்கள். சிக்கல் என்னவென்றால் அது உடனே நிற்பதில்லை. ஜே1939-க்கு அடிப்படையான கேன் வகை வலைகளுக்கான ஐஎஸ்ஓ 11898 தரநிலை, ஒவ்வொரு கணினியும் 50 முதல் 65 ஓம் வரையிலான சுமையில் 1.5 வோல்ட்டுக்குக் குறையாத சமிக்ஞையைத் தர வேண்டும் என்கிறது. கேட்கும் கணினிக்கோ 0.9 வோல்ட் கிடைத்தால் போதும். 40 ஓம் சுமையில் வோல்டேஜ் இறங்கினாலும் பெரும்பாலும் அந்த 0.9-க்கு மேலேயே நிற்கும், எனவே திரை ஒளிரும், எண்கள் ஓடும், உரிமையாளர் மகிழ்ச்சியாக இருப்பார். எப்போதும் கையிருப்பில் இருந்த இடைவெளி மட்டும் சத்தமில்லாமல் சுருங்கியிருக்கும். பிறகு ஒரு பழைய கனெக்டரில் ஈரம் சேரும், அல்லது நீண்ட மேட்டில் எஞ்சின் அறை கொதிக்கும்; அன்றுதான் வலை தடுமாறும்.

ஓய்வுபெற்ற தம்பதி ஒருவரின் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிய திரையைப் பொருத்திச் சில வாரம் கழித்து, மலையேற்றத்தில் அலிசனின் பட்டன் பலகையில் கியர் எண் மறைந்து, ஓட்டுநர்கள் ‘பூனைக் கண்’ என்று அழைக்கும் இரண்டு சாய்கோடுகள் தோன்றின. கியர்பாக்ஸ் கணினியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். சாலையோரம் நிறுத்தி, அணைத்துவிட்டு மீண்டும் இயக்கியதும் எல்லாம் சரியானது. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸ் கணினியை மாற்றினார்கள். மீண்டும் வந்தது. இன்னொரு பட்டறையில் பட்டன் பலகையை மாற்றினார்கள். மீண்டும் வந்தது. இரண்டு இடத்திலும் புதிய திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அது நன்றாக வேலைசெய்துகொண்டிருந்ததால் இவர்களும் சொல்லவில்லை. அந்த அம்மையார் அடுத்த மேடு எப்போது வரும் என்ற அச்சத்திலேயே வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்ததாகச் சொன்னார். நான் மீட்டரை வைத்தபோது 40 ஓம் காட்டியது, கேபிளைப் பிடுங்கியதும் 60 ஆனது. கேபிளின் விலை, மாற்றிய உதிரிபாகங்களில் மிக மலிவானதின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

சோதிக்கும் முறை எளியது. சேசிஸ் பேட்டரியை முழுதாகத் துண்டித்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள், ஏனென்றால் மின்சாரம் இருக்கும்போது அளக்கும் ஓம் கணக்குக்கு எந்த மதிப்பும் இல்லை. 9 பின் கனெக்டரில் சி, டி என்று குறிக்கப்பட்ட இரு பின்களுக்கு நடுவே அளந்து எழுதிவையுங்கள். 60 வந்தால் வலை சரி. 120 வந்தால் ஏற்கெனவே ஒரு ரெசிஸ்டர் விடுபட்டிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. அடுத்து, புதிய கருவியின் பிளக்கைத் தனியாகக் கையில் வைத்து அதே இரு பின்களுக்கு நடுவே அளங்கள். 120 காட்டினால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. சுவிட்சை அணையுங்கள், சுவிட்ச் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். செருகிய பிறகு மூன்றாவது முறையும் அளங்கள், 60 மாறாமல் இருக்க வேண்டும். ‘பாதுகாப்புக்கு இருக்கட்டும், ஒரு ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள்’ என்று ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்வதையும் கேட்டிருக்கிறேன். வலையில் பாதுகாப்புக்கென்று கூடுதல் ரெசிஸ்டர் எதுவும் கிடையாது.

இதோடு சேர்ந்து வருவது கிளை ஒயரின் நீளம். இவ்வகை வலையின் முதுகெலும்பு ஒயரிலிருந்து பிரியும் கிளை 1 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மூன்று மீட்டர் கேபிளைச் சுருட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் திணிப்பவர்கள், சுருட்டினால் நீளம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள், குறையாது. ஒயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளையும் இந்த இரண்டு ஒயர்களில் பயன்படுத்தாதீர்கள்.

கறுப்புப் பிளக்கைத் தேய்த்துப் பச்சைக் கனெக்டரில் செருகுவது

கூடவே கூடாது: கறுப்புப் பிளக் கொண்ட 250 கிலோபிட் வேகத்துக்கான கருவி, பச்சைக் கனெக்டர் உள்ள 500 கிலோபிட் வலையைக் குலைத்துவிடும் என்பதால்தான் அது நுழையாதபடி செய்திருக்கிறார்கள்.

பி பின்னிலிருந்தே மின்சாரம் எடுப்பது

9 பின் கனெக்டரின் பி பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், சாவியை எடுத்தாலும் நிற்காது. பழுதுபார்ப்பவர் ஒரு மணி நேரம் கருவியைச் செருகுவதற்காக அமைந்த இணைப்பு அது. அதில் திரையை நிரந்தரமாக விட்டுவிட்டால், தூங்கும் நிலையிலும் 200 மில்லியாம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணி எடுக்கும், மூன்று வாரத்தில் 100 ஆம்பியர்-மணியைத் தாண்டிவிடும். கூரை மேல் சோலார் இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். பல வண்டிகளில் அது உள்ளே வாழும் பகுதிக்கு மின்சாரம் தரும் வீட்டு பேட்டரிகளை மட்டுமே நிரப்புகிறது, எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியைத் தொடுவதே இல்லை. இக்னிஷன் சாவியோடு வரும் இணைப்பில், சிறிய ஃப்யூஸ் ஒன்றின் வழியாகத் திரைக்கு மின்சாரம் கொடுங்கள். கனெக்டரிலிருந்து தகவல் ஒயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டேப்லெட்டை டாஷ்போர்டிலேயே விட்டுப்போவது

ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரைதான் இயக்கலாம், 45 டிகிரி வரைதான் வைத்திருக்கலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. அரிசோனா வெயிலில் மூடிய வண்டியின் டாஷ்போர்டு அந்த இரண்டையும் காலையிலேயே தாண்டிவிடும்.

பழைய திரையைக் கழற்றி எறிவது

தெரியாத திரை எதற்கு என்று பிடுங்கிவிடுபவர்கள், அதற்குப் பின்னால் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பல வண்டிகளில் ஓடிய மைல் கணக்கு அந்தக் கருவிப்பலகைக்குள்ளேயே பதிவாகி இருக்கிறது. குறைந்த காற்றழுத்தத்துக்கும் எண்ணெய் அழுத்தத்துக்கும் அலறும் பஸ்ஸரும் அதனோடு இணைந்தது. வெளியிலிருந்து வாங்கிய திரை, ஜே1939 வலையில் வரும் பழுதுச் செய்தியை எண்ணாகக் காட்டலாம், ஆனால் காற்று பிரேக்கின் எச்சரிக்கைப் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க முடியாது. சட்டமும் இருக்கிறது: ஓடோமீட்டரை மாற்றும்போது பழைய கணக்கைத் தொடர முடியாவிட்டால், அதைப் பூஜ்யத்தில் வைத்து, முந்தைய மைலேஜையும் மாற்றிய தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். பழையது அதன் இடத்தில் இருக்கட்டும், புதியதைப் பக்கத்தில் பொருத்துங்கள். போலரைசர் படலம் மட்டும் கெட்டிருந்தால், அதை உரித்துப் புதிது ஒட்டியே பழைய திரையை மீட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். பொறுமையான கைகளுக்கு அது நல்ல வழி.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டுவது

வலையில் நூற்றுக்கணக்கான அளவுகள் ஓடுகின்றன என்பதற்காகப் பதினாறு கட்டங்களாகத் திரையைப் பிரித்தால், படிக்க முடியாத பழைய திரையின் இடத்தில் படிக்க முடியாத புதிய திரை வந்து உட்காரும். ஓடும்போது எனக்கு வேண்டியவை நான்கு: கூலண்ட் வெப்பம், கியர்பாக்ஸ் எண்ணெய் வெப்பம், எஞ்சின் எண்ணெய் அழுத்தம், பேட்டரி வோல்டேஜ். இவற்றில் கியர்பாக்ஸ் வெப்பத்தை இரண்டாம்தரமாக நினைக்காதீர்கள், நீண்ட மேட்டில் அதுவும் கூலண்ட்டோடு சேர்ந்து ஏறும். அலிசன் 3000 வகையில் எண்ணெய்த் தொட்டியின் வெப்பம் 121 டிகிரியைத் தொடக் கூடாது என்பதால், 110-இலேயே நிறம் மாறும்படி எச்சரிக்கையை அமையுங்கள். மற்றவை நிறுத்திய பிறகு பார்ப்பதற்கான இரண்டாவது பக்கத்தில் இருந்தால் போதும்.

பகலில் மட்டும் சோதிப்பது

பகலுக்காக வாங்கிய 1000 நிட்ஸ் திரை, இரவில் முன்கண்ணாடியில் முழு உருவத்தோடு பிரதிபலித்து சாலையின் ஒரு பகுதியை மறைக்கும். ஏ வகை வண்டிகளின் அகன்ற முன்கண்ணாடி டாஷ்போர்டுக்கு மேலே உயரமாக எழுவதால், காரில் வராத இடத்தில்கூடப் பிம்பம் வந்து விழும். திருகுகளை இறுக்குவதற்கு முன் ஓர் இரவு, திரையைத் தற்காலிகமாக ஒட்டி, விளக்குகளை அணைத்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். பின்புலம் கறுப்பாகவும் எழுத்து வெளிர்நிறமாகவும் இருக்கும்படி இரவு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒளிர்வைக் குறைக்கும் ஒயர் இருந்தால் அதை வண்டியின் முகப்பு விளக்கு இணைப்போடு சேருங்கள். அப்படியும் பிம்பம் தெரிந்தால் திரையின் சாய்வைச் சற்றே கீழ்நோக்கி மாற்றி, மேல்விளிம்பில் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு மறைப்பு ஒன்றை வைத்துப் பாருங்கள். துளை போடுவது அதற்குப் பிறகுதான்.