சிப் ஷாட் பயம் போன கதை: என் அனுபவம்

கோல்ஃபில், குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு 10 கஜம் தள்ளிப் பந்து கிடந்தால் போதும், எனக்கு வயிற்றைப் பிசையும். தொடக்கத்தில் அடிக்கும் நீண்ட அடியான டிரைவ் நேராகப் போகும். பந்தைக் கொஞ்சம் தூக்கி கிரீனில் உருளவிடும் இந்தச் சின்ன சிப்பில்தான் வெட்ஜ் மட்டை மண்ணில் குத்தி நிற்கும், இல்லையென்றால் பந்தின் தலையில் பட்டு அது கிரீனைத் தாண்டி ஓடும். 2015 ஃபீனிக்ஸ் ஓபனில் டைகர் வுட்ஸே சிப் செய்யத் தடுமாறி, இரண்டாம் சுற்றில் 82 அடித்தார்; கோல்ஃபில் அடி கூடினால் மோசம். அது ஆறுதலாக இருந்தது, ஆனால் என் கை நடுக்கம் போகவில்லை.

கோளாறு எங்கே என்பதைத் தரைதான் காட்டியது. அடித்த இடத்திலெல்லாம் கத்தியால் கீறியதுபோல் ஆழமான பள்ளம். பந்தை வலது காலுக்கு நேராக வைத்து, கையை முன்னால் தள்ளியதால் வெட்ஜின் கூர்விளிம்பு மண்ணைத் தோண்டியிருக்கிறது. பந்தை நடுவுக்குக் கொண்டுவந்தேன், எடையை இடது காலில் வைத்தேன், மட்டையின் தண்டான ஷாஃப்டை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்தேன். முகம் 56 டிகிரி சாய்ந்த வெட்ஜின் அடிப்பாகம் புல்லை உரசி வழுக்கிப் போனது. 'சர்ர்'ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இரண்டு வாரம் பந்தே வைக்காமல் புல்லை மட்டும் உரசினேன்.

அப்புறம் மனசு. பந்தை வைத்ததும் பழைய பயம் திரும்பிவிட்டது. வலது கையால் மட்டும் தினம் 50 பந்து அடித்தேன். ஒற்றைக் கையில் வெடுக்கென்று வெட்டி இழுக்க வராது, வெட்ஜின் கனமே ஆடிக்கொள்ளும். ஆட்டத்தில் இப்போது குழியைப் பார்ப்பதில்லை. பந்து விழவேண்டிய கைக்குட்டை அளவுப் புல்லைப் பார்த்து, மூச்சை விட்டபடி அடிக்கிறேன். போன ஞாயிறு கடைசி கிரீனில் பந்து குழிக்கு மூன்றடியில் நின்றது.