மார்பகப் புற்றுநோயைக் கடந்த மூத்த பெண்கள் கவனிக்க வேண்டியவை

புற்றுநோய் மீண்டும் வராமல் தடுக்கத் தரப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் உற்பத்தியைக் குறைப்பதோடு எலும்பையும் மெலியச் செய்வதால், அவற்றைத் தொடங்கும்போதே டெக்ஸா ஸ்கேன் எடுத்து, பின்னர் சுமார் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை எலும்பின் அடர்த்தியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூட்டுவலியை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். அது மாத்திரையின் விளைவாகவும் இருக்கலாம் என்பதால், தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேட்கலாம்.

அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்துக் கையில் முன்பு எளிதாகக் கழன்ற வளையல் இப்போது சோப்பு தடவினாலும் சிக்குகிறதா என்று கவனியுங்கள். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆனபின்னும், நிணநீர் தேங்கிக் கை வீங்கும் நிணநீர் வீக்கம் தோன்றக்கூடும். புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் மற்றொரு மாத்திரையான டமாக்ஸிஃபென் உட்கொள்பவர்கள், மாதவிடாய் நின்றபின் ஒரு துளி உதிரப்போக்கு இருந்தாலும் மகளிர் நல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். எஞ்சியுள்ள மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் அவசியம்.