அரசு மருத்துவமனையா, தனியாரா? திருநர் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலினத்தை உறுதிசெய்யும் சிகிச்சையைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டை மட்டும் ஒப்பிடுகிறார்கள்: எங்கே சீக்கிரம் பார்ப்பார்கள், முதல் தடவை எவ்வளவு கட்டணம். பெரிய தவறே இதுதான். ஹார்மோன் பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தொடரும் மருந்து. முதல் வருடம் ஏறக்குறைய 3 மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ரத்தப் பரிசோதனை வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுப்பவருக்குச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிக் கூடுகின்றனவா என்று பார்ப்பார்கள்; ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மருந்தை எடுப்பவருக்குப் பொட்டாசியம் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். இதையெல்லாம் யார் செய்வார்கள், ஐந்து வருடம் கழித்தும் அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

தனியாரிடம் தொடங்கியதும் அரசு மருத்துவமனையின் காத்திருப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள். வேலை போய்க் கையில் பணம் இல்லாமல் போனால், மறுபடி வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும். தனியார் மருத்துவர் எழுதிய சீட்டை அரசு மருத்துவரோ குடும்ப மருத்துவரோ அப்படியே தொடர்ந்து எழுதித் தருவார் என்றும் நம்பிவிட வேண்டாம். பலர் மறுக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் எழுத்திலும் வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம் இன்னொரு சிக்கல். திருநர் சிகிச்சைக்கான உலக நிபுணர்களின் சங்கமான டபிள்யூபாத் (WPATH) 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அறுவை சிகிச்சைக்குத் தகுதியுள்ள ஒரு சுகாதார நிபுணரின் கடிதமே போதும். ஆனால் பழைய பதிப்பை வைத்து இரண்டு கேட்கும் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் உண்டு. யாரிடம் வாங்கினால் செல்லும் என்பதையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அறுவை சிகிச்சைக் கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். யோனி அமைப்பு சிகிச்சைக்குப் பிறகு, அமைத்த பாதை சுருங்காமல் இருக்க டைலேட்டர் என்ற கருவியை நீண்ட காலம் பயன்படுத்த வேண்டும். புண் ஆறாமல் போனாலோ சிறுநீர்ப் பாதை சுருங்கினாலோ யார் பார்ப்பார்கள்? வெளியூரில் செய்துகொண்டு வீடு திரும்பியவர்கள் தவிப்பது இங்கேதான்.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், விந்தணு அல்லது கருமுட்டைச் சேமிப்பு பற்றி ஹார்மோனுக்கு முன்பே பேசுங்கள். அரசு வழியில் அந்தச் செலவு சேருமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

கடைசியாக, காத்திருக்கும் காலத்தில் கருத்தடை மாத்திரையை ஹார்மோனாக விழுங்குவது. அவசரம் புரிகிறது, வருடக்கணக்கான காத்திருப்பு கொடுமைதான். ஆனால் அந்த மாத்திரைகள் பலவற்றில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தால் எந்த மருத்துவரிடமும் மறைக்காதீர்கள். என்ன மாத்திரை, எவ்வளவு அளவு, எத்தனை நாளாக என்று சொல்லி ரத்தப் பரிசோதனையாவது செய்துகொள்ளுங்கள்.