கரண்ட் போனாலும் ரீஃப் டேங்க் பிழைக்க: புயலுக்கு முன் செய்ய வேண்டியவை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது என் வீட்டில் 200 லிட்டர் ரீஃப் டேங்க், அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, ஓடிக்கொண்டிருந்தது. ஜோவாந்தஸ் (பவளத்தைப் போன்ற ஒரு கடலுயிர்), காளான் பவளம், ஒரு லெதர் பவளம், இரண்டு கிளவுன் மீன், ஒரு டேங் மீன். (கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகின்றன. அந்தப் பக்கம் நான் போவதில்லை.) கரண்ட் போனதும், பவளத்துக்கு வெளிச்சம் இல்லையே என்று டார்ச்சைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். விடியற்காலையில் டேங் மீன் செத்துக் கிடந்தது. பவளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பவளம் இரண்டு மூன்று நாள் இருட்டைத் தாங்கும். ஆக்சிஜன் இல்லாமல் மீன் தாங்காது. இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். மீன், பவளம், பாறையிலிருக்கும் பாக்டீரியா எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீரின் மேற்பரப்பு அசைந்தால்தான் காற்று உள்ளே கரையும். ஆகவே கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அந்த அசைவைப் பற்றித்தான்.

படி 1: ஒத்திகை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்கின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் சம்பை, அதாவது மேல் தொட்டியின் நீர் இறங்கிச் சேரும் கீழ்த்தொட்டியை, கவனியுங்கள். சம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் மேல் தொட்டி நீர் குழாய் வழியே திரும்பி இறங்கும். சம்ப் நிரம்பித் தரையில் வழிந்தால், ரிட்டர்ன் குழாயின் வாய் அளவுக்கு மீறி ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வாயை மேலே தூக்குங்கள், அல்லது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள். காற்று புகுந்ததும் சைஃபன் (நீர் தானாகவே குழாய் வழியே கீழே இழுபடுவது) அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசி அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும்.

படி 2: காற்றுக்கு ஏற்பாடு

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான வழி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு. யுஎஸ்பி ஏர் பம்ப் என்றால் பவர் பேங்கிலேயே ஓடும், ஆனால் சில பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்சாரத்தை உணராமல் தாமாகவே அணைந்துவிடும். அதையும் ஒத்திகையில் பார்த்துவிடுங்கள். பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைப்பதானால் டியூபில் ஒரு செக் வால்வு (ஒருவழி வால்வு) மாட்டுங்கள். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் நீர் அதற்குள் இறங்கிவிடும்.

வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் ஒரே ஒரு வேவ் மேக்கரை (தொட்டிக்குள் நீரை அசைக்கும் சிறு பம்ப்) அதில் இணைத்து, முகத்தை மேற்பரப்பு நோக்கித் திருப்புங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்-மணி. பாதியைத்தான் நம்பலாம். வேவ் மேக்கருக்கு 10 வாட், இன்வெர்ட்டர் தானே தின்பது 15 வாட் என்று வைத்தால் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். ஃபேன், டிவி எல்லாம் அதிலேயே ஓடினால் ஒரு ராத்திரிக்கே போதாது. வீட்டில் இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், நடுராத்திரியில் பேசினால் சண்டைதான் மிஞ்சும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில், வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பம்புகள் உறுமிச் சூடாகும். சைன் வேவ் நல்லது. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி), லைட், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) எதையும் இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள்.

படி 3: எச்சரிக்கை வந்த நாள்

பாதுகாப்புக்காகப் புயல் கரையைக் கடக்கும் முன்பே கரண்ட்டை நிறுத்துவதும் உண்டு. அதனால் முந்தைய நாளே மீனுக்குச் சாப்பாட்டை நிறுத்துங்கள். ஆர்ஓ மெஷினும் கரண்ட்டில்தான் ஓடுகிறது என்பதை மறந்துவிடுவோம். நீர் பிடித்து, 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) உப்பில் 40 லிட்டர் கலக்கி வையுங்கள். ஃப்ரீசரில் நான்கைந்து பாட்டில் தண்ணீர் உறையட்டும். புயல் நாளில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், மறுநாள் புழுக்கத்தில் அவற்றைச் சம்பில் மிதக்கவிட்டால் சூட்டைக் குறைக்க உதவும்.

படி 4: கரண்ட் போன பிறகு

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். பம்ப் எதுவும் இல்லையென்றால் மக்கில் தொட்டி நீரையே மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம். விடியலுக்கு முந்தைய நேரம்தான் ஆபத்து, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மழைச் சாரல் உள்ளே அடிக்காத ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்; மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கும். செத்தது எதுவானாலும் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

படி 5: கரண்ட் வந்ததும்

இன்வெர்ட்டரில் ஓடும் வேவ் மேக்கரைத் தவிர எல்லா பிளக்கும் அதுவரை பிடுங்கியே இருக்கட்டும். முதல் சில நிமிடங்கள் வோல்டேஜ் ஏறி இறங்கும். பத்து நிமிடம் கழித்து ரிட்டர்ன் பம்ப், சம்ப் மட்டம் நிலைத்த பிறகு ஸ்கிம்மர். முந்திப் போட்டால் அதன் நுரை சேரும் கப் நிரம்பி வழியும். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய வடிகட்டி) பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே நீர் அழுகியிருக்கும். கொட்டிக் கழுவாமல் ஓட்டாதீர்கள். லைட்டைப் பாதி வெளிச்சத்தில் தொடங்கலாம். சாப்பாடு மறுநாள்தான், அதுவும் அம்மோனியா பூஜ்யம் என்று டெஸ்ட் கிட்டில் பார்த்த பிறகு.