குறைந்த தரத்துடன் படையிலிருந்து விடுவிக்கப்பட்டால் மேன்முறையீடு செய்வது எப்படி?

மட்டக்களப்பிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அங்கு படையில் சேர்ந்த ஒருவர், போதைப்பொருள் பாவித்தமைக்காகக் குறைந்த தரத்துடன், அதாவது கௌரவமான விடுவிப்பு என்ற தரத்துக்குக் கீழாக, விடுவிக்கப்பட்டிருந்தால், அத்தரத்தை உயர்த்துமாறு கோரி 15 ஆண்டுகளுக்குள் டிடி 293 படிவத்தின் மூலம் தமது படையின் விடுவிப்பு மீளாய்வுச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். அக்காலம் கடந்திருந்தால் டிடி 149 படிவத்துடன் அப்படையின் ஆவணத் திருத்தச் சபையை நாட வேண்டும்.

முதலில் சேவைக் கோவையையும் மருத்துவக் கோவையையும் பெற்று முழுமையாக வாசியுங்கள். பாவனைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதே இங்கு மிக முக்கியமானது. போர் அனுபவத்தால் ஏற்பட்ட மனவடு, மூளைக் காயம், பாலியல் வன்முறை போன்றவை அந்நடத்தைக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடுமானால், சபைகள் அதைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2017இல் அறிவுறுத்தியது. விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படலாம். ஆகவே பாவித்ததை மறைக்காமல், அது எப்போது, எதன் பின்னர் தொடங்கியது என்பதை வரிசையாக எழுதுங்கள்.

களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ வாழும் தாயும் சகோதரரும், விடுமுறையில் வந்தபோது அவரிடம் கண்ட தூக்கமின்மை, திடுக்கிடல் போன்ற மாற்றங்களைக் காலம் குறிப்பிட்டு, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாக ஒப்பமிட்டு, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலமாக்கி அனுப்பலாம்; பொதுவான நற்சான்றிதழைவிட இது எவ்வளவோ பெறுமதியானது. சிகிச்சை பெற்றமைக்கான ஆவணங்களையும் தவறாமல் இணையுங்கள்.