வள்ளத்தில் பாட்டு: திருகோணமலைக் கடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சின் இரைச்சலை வெல்வதற்காக ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதுதான், வள்ளத்தில் சினிமாப் பாட்டுக் கேட்பவர்கள் முதலில் செய்யும் தவறு. வீட்டில் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருகின்றன. திறந்த கடலில் அவை இல்லாததால், தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறைந்துவிடுகிறது. பேஸ் கிற்றாரும் தபேலாவின் இடக்கைத் தொனியும் எஞ்சினின் உறுமலைப் போலவே தாழ்ந்த சுருதியில் ஒலிப்பதால், அந்த உறுமல் அவற்றை விழுங்கிவிட, குரலும் புல்லாங்குழலும் மட்டுமே மிஞ்சுகின்றன. குரலை முன்னிறுத்தி ஒற்றைத் தடத்தில் பதிவான 1950, 60களின் பாடல்களை ஓடும் வள்ளத்திலும் ஓரளவு ரசிக்கலாம். வயலின் கூட்டத்தின் நெளிவுக்காகவே ஒரு பாட்டைக் கேட்கிறவர் எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஆனால் ஆபத்தான தவறு, நிறுத்தும் இடத்தில்தான் நேர்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதே மாதங்களில் மேற்கு, தென்மேற்குப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று வள்ளத்தைக் கரையிலிருந்து ஆழ்கடலை நோக்கித் தள்ளும். கரையோரத்தில் அலை எழாததால் காற்றின் வலுவும் தெரிவதில்லை. மணிக்கு 2 கிலோமீற்றர் வேகத்தில் இழுபடும் வள்ளம், ஆறு பாட்டுகள் முடிகிற அரை மணி நேரத்தில் ஒரு கிலோமீற்றர் தள்ளிப் போயிருக்கும். நங்கூரம் இருக்கிறதே என்று எல்லா இடத்திலும் நம்பிவிட முடியாது. திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலும் நங்கூரம் தரையைத் தொடாத ஆழங்கள் உண்டு. ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு விடுவது பொதுவான கணக்கு. 10 மீற்றர் ஆழத்துக்கே 50 மீற்றர் கயிறு வேண்டும். ஆகவே உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஆழம் குறைந்த மணல்தரையே பாட்டுக் கேட்க ஏற்றது. 2003 முதல் தேசியப் பூங்காவாக உள்ள புறாத்தீவின் பவளப்பாறைகள்மீது நங்கூரத்தைப் போடவே கூடாது.

எஞ்சின் இரைச்சலுக்கு மாற்றாக இரு காதுகளிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு சுக்கானைப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். கடலில் மோதலைத் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டுச் சர்வதேச விதிகளில் ஐந்தாவது, கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனித்திருக்க வேண்டும் என்று காதையும் சேர்த்தே சொல்கிறது. சீனக்குடாவுக்குக் கப்பல்கள் வந்துபோகும் நீர்ப்பரப்பில் இதை ஏட்டுச் சட்டமாக எண்ணிவிட முடியாது. ஒரு குறுகிய ஊதல், கப்பல் வலப்புறம் திரும்புவதைக் குறிக்கும், இரண்டு, இடப்புறம், மூன்று, எஞ்சின் பின்னோக்கி இயங்குவது, ஐந்து, உங்கள் போக்கு விளங்கவில்லை என்ற எச்சரிக்கை. தாளக்கணக்கைப் பிசகாமல் எண்ணத் தெரிந்த சினிமாப் பாட்டு ரசிகருக்கு இது கடினமான பாடமும் அல்ல.

ஸ்பீக்கரைத் திசைகாட்டிக்கு அருகில் வைப்பது பலருக்குத் தவறாகவே தோன்றுவதில்லை. ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் திசைகாட்டியின் முள்ளை இழுத்துவிடும். கைத்தொலைபேசியில் உள்ள திசைகாட்டிக்கும் இதே கதிதான். வள்ளத்தின் அடித்தளத்தில் நேரே வைப்பதும் நல்லதல்ல. காற்றில் பரவும் ஒலியில் மிகச் சிறு பங்கே நீருக்குள் இறங்குகிறது என்றாலும், வள்ளத்தின் ஃபைபர் உடல் அதிரும்போது அந்த அதிர்வு நேரடியாகக் கடலுக்குள் போகிறது. பாட்டுப் போட்டால் மீன் கலையும் என்று தூண்டில்காரர்கள் முணுமுணுப்பதை நான் முழுவதும் ஒதுக்கிவிட மாட்டேன். தடித்த ஸ்பொஞ்சின் மேல் வைத்தால் அவர்களுடைய முறைப்பாடும் குறையும், பாட்டோடு சேர்ந்து வரும் கரகரப்பும் குறையும்.

நீர் புகாது என்பதைக் காட்டும் ஐபி67 என்ற குறியை நம்பி ஸ்பீக்கரை உப்புநீரில் நனைய விடுவது இன்னொரு தவறு. அந்தச் சோதனை நன்னீரில், 1 மீற்றர் ஆழத்தில், 30 நிமிடங்களுக்குச் செய்யப்படுவது. சார்ஜ் செய்யும் துளையில் உப்பு படிந்து நானும் ஒரு ஸ்பீக்கரை இழந்தேன். இப்போது கரைக்கு வந்ததும் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் உலரும்வரை சார்ஜில் போடுவதில்லை. உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசியிலேயே பாட்டுப் போட்டு அதன் பற்றரியைத் தீர்த்துவிடவும் கூடாது.

காற்று அடங்கிய மாலைகளில் நீரையொட்டிய காற்று மேலுள்ளதைவிடக் குளிர்ந்திருந்தால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் நீர்ப்பரப்பை நோக்கி இறங்குவதால், வள்ளத்தில் மெல்லியதாகத் தோன்றும் பாட்டு எதிர்பாராத தூரம் போகும். கோணேசர் கோயில் பாறைக்குக் கீழே வள்ளத்தை நிறுத்துகிறவர்கள் பூசை நேரத்தில் ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மேலிருந்து கேட்கும் மணியோசைக்கும் நாகசுரத்துக்கும் வள்ளத்தில் இருந்தபடியே காது கொடுக்கலாம்.