ட்ரோன் பைலட் தேர்வு: பணம் கட்டும் முன் ஒரு மாதம் என்ன செய்யலாம்?

“அண்ணாச்சி, ட்ரோன் பரீட்சைக்கு எந்த புக்கு படிக்கணும்?”

சேரன்மகாதேவியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. படிப்பதற்கென்று நிறைய வீடியோக்களை ஃபோனில் சேர்த்து வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் அமெரிக்கத் தேர்வுக்கான பாடம்.

அங்கே ‘பார்ட் 107’ என்று ஒரு தேர்வு. 60 கேள்வி, 2 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. வீட்டிலிருந்தே படித்துவிட்டு மையத்துக்குப் போய் எழுதிவிடலாம், ட்ரோனைப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் அப்படி இல்லை. மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் சேர வேண்டும். வகுப்பு, சிமுலேட்டர் (கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகுவது), மைதானத்தில் பறப்பு எல்லாம் அங்கேதான், தேர்வும் அங்கேயேதான். தேர்வை மட்டும் தனியாக எழுதிவிட்டு வர வழியில்லை.

அந்த வகுப்போ பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். சட்டம், வானிலை, ரேடியோவில் பேசும் முறை, பேட்டரி, பறக்கும் தத்துவம் எல்லாவற்றையும் அந்த ஒரு வாரத்தில் முதல்முறையாகக் காதில் வாங்கினால் தலை சுற்றும். பறப்புக்கு மனது இருக்காது. அதனால் பணம் கட்டுவதற்கு முந்தைய ஒரு மாதத்தைத்தான் நான் தயாரிப்பு என்பேன். அந்த மாதத்தில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த வகுப்பு என்று முடிவு செய்யுங்கள்

2021-இல் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்து ட்ரோன்களை ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். தூக்கும் சுமையையும் சேர்த்துத்தான் இந்த எடை. மருந்து அடிக்கும் ட்ரோனுக்கு டேங்க் நிறைந்த எடையைப் பார்க்க வேண்டும். 10 லிட்டர் டேங்க் உள்ளவை வழக்கமாக 25 கிலோவுக்குள் அடங்கிவிடும். பெரிய டேங்க் என்றால் மீடியத்துக்குப் போய்விடலாம். களக்காட்டு வாழைக்கும் அம்பாசமுத்திரத்து நெல்லுக்கும் மருந்து அடிக்க நினைப்பவர்கள், எந்த ட்ரோன் ஓட்டப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு அதற்குரிய வகுப்பில் சேருங்கள்.

நானோவுக்குச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவையும் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டால் தேவையில்லை. அதே மைக்ரோவில் கல்யாண வீடியோ எடுத்துக் காசு வாங்கினால் தேவை. “சின்ன ட்ரோன்தானே” என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

வயது 18-லிருந்து 65-க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள், கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு அதுவே பெரிய தடை. 2023 செப்டம்பரில் விதியைத் திருத்தினார்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் போன்ற அரசு ஆவணங்களே இப்போது போதும். ஊர்வழக்கில் லைசென்ஸ் என்கிறோம், தாளில் இருப்பது ‘ரிமோட் பைலட் சான்றிதழ்’. 10 ஆண்டு செல்லும்.

இரண்டாம் படி: நிறுவனத்தைத் தேர்வு செய்வது

இதில் அவசரமே கூடாது. ‘ட்ரோன் கோர்ஸ், உடனடிச் சான்றிதழ்’ என்று விளம்பரம் வரும். இரண்டு நாள் பட்டறை நடத்திவிட்டு அவர்கள் கொடுக்கும் தாள் அவர்களுடைய தாள், பைலட் சான்றிதழ் ஆகாது. டி.ஜி.சி.ஏ. வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, நீங்கள் கேட்கும் எடை வகுப்பு அதன் பெயருக்கு நேரே இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். யாரோ அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

பட்டியலில் இருந்துவிட்டால் மட்டும் போதாது. ஃபோனில் கூப்பிட்டு இவற்றைக் கேளுங்கள். ஒரு பேட்சில் எத்தனை பேர்? எத்தனை ட்ரோன்? ரிமோட் என் கையில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கும்? சிமுலேட்டரில் அசல் ரிமோட்டா, கீபோர்டா? தேர்வில் தவறினால் மறுதேர்வுக்குத் தனிக் கட்டணமா? மழை பெய்து ஒரு நாள் பறப்பு நின்றால் அந்த நாளை ஈடு செய்வீர்களா? பாடம் தமிழில் விளக்குவீர்களா?

எனக்குத் தெரிந்த ஒருவர் கட்டணம் குறைவு என்று ஓரிடத்தில் சேர்ந்தார். இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டே ட்ரோன். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கைக்கு வந்தால் பெரிது. தேர்வில் தேறிவிட்டார், ஆனால் ஊருக்கு வந்து வயலில் தனியாக ட்ரோனை எழுப்ப அவருக்குத் துணிவு வரவில்லை. மறுபடி காசு செலவழித்து ஒருவரிடம் கற்றுக்கொண்டார். குறைந்த கட்டணம் அவருக்குக் கூடுதல் செலவாக முடிந்தது. எந்த இடம் என்று யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது ரிமோட் கையில் இருக்கும் நேரத்தைத்தான். கட்டணம் அதற்கு அடுத்ததுதான்.

சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பயிற்சி இருக்கிறது. தனியார் நிறுவனங்களும் பல ஊர்களில் உண்டு. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தாம்பரம், போவது பெரிய காரியமில்லை. தங்கும் இடம், சாப்பாடு, அந்த ஒரு வாரம் விட்டுப்போகும் வேலை எல்லாவற்றையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: சட்டத்தை நம் ஊர் வரைபடத்தில் படியுங்கள்

விதிகளை மனப்பாடம் செய்தால் மறுநாள் மறந்துவிடும். நான் செய்தது இது: திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் தெரிகிற பெரிய வரைபடம் ஒன்றை எடுத்தேன். வாகைகுளத்தில் தூத்துக்குடி விமான நிலையத்தைக் குறித்து, அதன் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டரில் ஒரு வட்டம், 12 கிலோமீட்டரில் ஒரு வட்டம் போட்டேன்.

அரசின் ட்ரோன் வரைபடம் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. 12 கிலோமீட்டருக்கு வெளியே பச்சை மண்டலமாக இருந்தால் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன் அனுமதி வேண்டாம். அதற்கு மேலே போனால் அது மஞ்சள். 8-க்கும் 12-க்கும் இடையில் பச்சை 200 அடியோடு முடிகிறது. அங்கேயும் அதற்கு மேல் மஞ்சள்தான். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஒருமுறை கையால் வட்டம் போட்டவருக்கு இந்த எண்கள் மறக்கவே மறக்காது.

அடுத்து நம் பகுதியின் முக்கியமான இடங்களைக் குறியுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம், கடற்கரையில் ராக்கெட் ஏவுதளம் எழும்பும் குலசேகரன்பட்டினம். ஒரு சுற்றுக்குள் இத்தனை இடம் இருப்பதால், ராதாபுரம் பக்கம் வயலில் வேலை வந்தாலும் அரசின் ட்ரோன் வரைபடத்தைத் திறந்து நிறம் பார்க்காமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை. நிறம் மாறிக்கொண்டும் இருக்கும், நேற்றுப் பார்த்தது இன்றைக்கு ஆகாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

நான்காம் படி: ஒரு சொல் நோட்டு

தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பாடத்தைவிடச் சொற்கள்தான் மிரட்டும். ஒரு நோட்டில் இடப்பக்கம் சொல்லையும் வலப்பக்கம் உங்கள் வாய்மொழியில் அர்த்தத்தையும் எழுதுங்கள். த்ராட்டில்: ஏறுவது, இறங்குவது. யா: நின்ற இடத்தில் மூக்கைத் திருப்புவது. பிட்ச்: முன்னே, பின்னே. ரோல்: பக்கவாட்டில் சாய்ந்து போவது. ரேடியோவில் எழுத்துகளைச் சொல்லும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை உங்கள் வண்டி நம்பரை வைத்தே பழகலாம். முன்னால் போகிற பஸ்ஸின் நம்பரையும் விடாதீர்கள்.

காற்றுப் பாடத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. விமான வானிலை அறிக்கையில் காற்றின் திசை என்பது அது எங்கிருந்து வருகிறது என்பது. புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. தமிழில் நாம் காலங்காலமாக அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறோம். வடக்கிலிருந்து வருவது வாடை, அது 360 டிகிரி. கிழக்கிலிருந்து கொண்டல், 90. தெற்கிலிருந்து தென்றல், 180. மேற்கிலிருந்து மேல்காற்று, 270. இதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டவர் அந்தக் கேள்வியில் தவற மாட்டார். அறிக்கையில் இருக்கும் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், அதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கையைப் பழக்குவது

நான் பயிற்சிக்குப் போகுமுன் ஃபோன் திரையில் விரலால் ஓட்டும் விளையாட்டில் மட்டும் பழகியிருந்தேன். மைதானத்தில் முதல் நாள் எல்லாம் நன்றாகவே போனது, ட்ரோனின் வால் என் பக்கம் இருந்த வரை. பயிற்சியாளர் அதன் மூக்கை என் பக்கம் திருப்பச் சொன்னார். வலப்பக்கம் போக வேண்டிய ட்ரோன் இடப்பக்கம் போனது. பதறிப்போய் இன்னும் அழுத்தினேன், வேலியை நோக்கி ஓடியது. அவர் தன் கையிலிருந்த இரண்டாவது ரிமோட்டில் பிடித்து நிறுத்தினார். மூக்கு நம்மைப் பார்த்தால் இடம் வலம் மாறும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும், விரலுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் இணைக்கும் இரண்டு ஸ்டிக் ரிமோட் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். சிமுலேட்டரில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். நம் பக்கம் பெரும்பாலும் பழக்குவது மோட் 2, அதாவது இடது கையில் த்ராட்டிலும் யாவும், வலது கையில் பிட்ச்சும் ரோலும். முதல் வாரம் ஒரே இடத்தில் நிறுத்தி வையுங்கள். இரண்டாம் வாரம் சதுரம். மூன்றாம் வாரம் மூக்கை உங்கள் பக்கம் திருப்பி அதே சதுரம். அது கைவந்த பிறகுதான் வட்டமும் எட்டு வடிவமும். ஜி.பி.எஸ். உதவியை அணைத்துவிட்டும் பழகுங்கள். அப்போது காற்று தள்ளிக்கொண்டே போகும், நீங்கள் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டக் கற்பது உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

கையில் காசு இருந்தால் 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ஒன்றில் வெளியிலும் பழகலாம். பங்குனியில் பிசான நெல் அறுத்த வயல் நல்ல இடம். விடியற்காலை ஆறு மணி நல்ல நேரம். பனைமரம், மின்கம்பி, பருந்து மூன்றையும் பார்த்துவிட்டு எழுப்புங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் நானோவைத் தொடவே வேண்டாம். காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பதே அந்தக் காற்றுக்காகத்தான்.

பேட்டரி பற்றி இரண்டே வார்த்தை. லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஆறு செல் என்றால் 25.2. சும்மா வைக்கும்போது செல்லுக்கு 3.8 அளவில் வையுங்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடவே கூடாது.

கடைசிப் படி: கிளம்புவதும் திரும்புவதும்

பத்தாம் வகுப்புச் சான்று, அடையாள ஆவணம், புகைப்படம், கேட்டால் கொடுக்க மருத்துவத் தகுதிச் சான்று. புகைப்படம் தவிர மற்ற மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் முன்னால் இருக்கும் இனிஷியல் ஆதாரில் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

பறப்புத் தேர்வு அன்று அவசரமாகத் த்ராட்டிலை ஏற்றாதீர்கள். இறக்கை, திருகு, பேட்டரி, ஜி.பி.எஸ்., காற்று என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு எழுப்புங்கள். சொல்லச் சொல்லக் கை நடுக்கமும் அடங்கும்.

சான்றிதழ் வந்ததும் பெயர், ட்ரோன் வகை, எடை வகுப்பு மூன்றையும் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். ஸ்மாலுக்குப் பணம் கட்டியிருந்தால் தாளிலும் ஸ்மால் என்றே இருக்க வேண்டும். பிழை இருந்தால் ரயில் ஏறுவதற்கு முன்பே, அங்கேயே சொல்லித் திருத்தி வாங்குங்கள்.